நார்த்தாம்ப்டனின் காலணி யாருடைய காலுக்கு?

"நல்ல பொருள் தானே பிழைத்துக்கொள்ளும்" என்று நண்பர் ஒருவர் சொன்னது நெடுநாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்து ரஷ்டன் ஊரில் 1899-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆல்ஃபிரட் சார்ஜென்ட் என்னும் காலணித் தொழிற்சாலை, கொரோனாக் காலத்தை ஒட்டி மூடப்பட்டதைப் பற்றி அன்று பேசிக்கொண்டிருந்தோம். தன் பெயரிலும் பிற கடைகளின் பெயரிலும் குறை சொல்ல முடியாத ஷூக்களைச் செய்துதந்த நிறுவனம் அது. விலையும், இந்தத் தொழிலின் அளவுகோலில், எட்டாத உயரத்தில் இல்லை. அப்படியிருந்தும் அது நிலைக்கவில்லை. நண்பரின் விதியை ஏற்றுக்கொண்டால் அந்த ஷூ நல்ல பொருள் அல்ல என்று முடிவு கட்ட வேண்டியிருக்கும். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆகவே கோளாறு விதியில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைத் தேடிப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வாணியம்பாடிக்காரன். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாசனைக்கு நடுவே வளர்ந்து, தோல் தொழில்நுட்பம் படிப்பதற்காக நார்த்தாம்ப்டனுக்கு வந்து, படிப்பு முடிந்த பின்னும் இங்கேயே தங்கிவிட்டவன். தோலின் தரத்தைச் சோதிப்பதுதான் என் வேலை, ஷூ செய்வதல்ல. ஆனாலும் இந்த ஊரில் ஷூவை விட்டு விலகி வாழ முடியாது. உள்ளூர்க் கால்பந்து அணிக்கு ஊரார் வைத்திருக்கும் செல்லப்பெயரே 'செருப்புத் தைப்பவர்கள்' என்பதுதான். தோலைத் தொட்டு உழைத்தவர்களை ஊருக்கு வெளியே குடியமர்த்திய நாட்டிலிருந்து வந்த எனக்கு, ஒரு நகரமே அந்தத் தொழிலின் பெயரைச் சொல்லி மைதானத்தில் ஆரவாரம் செய்வதைப் பார்த்தபோது ஏற்பட்ட உணர்ச்சி இன்றும் அடங்கவில்லை. இவ்வளவு பெருமை இருக்கும் இடத்திலேயே தொழில் தேய்வது எதனால் என்ற கேள்வி அதனால்தான் எனக்கு வெறும் பொருளாதாரக் கேள்வியாக இல்லை.

ஊரே பட்டறையாக இருந்த காலம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இந்தத் தொழில் வேரூன்றியதற்குக் காரணங்கள் எளியவை. மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் இருந்தன. காடுகளில் தோல் பதனிட உதவும் ஓக் மரப்பட்டை இருந்தது. நீன் ஆற்றில் தண்ணீர் இருந்தது. எந்தத் திசைக்கும் சரக்கை அனுப்ப வசதியான சாலைகள் இருந்தன. 1642-ஆம் ஆண்டு, அயர்லாந்துக்குச் செல்லவிருந்த படைக்காக 4,000 ஜோடி ஷூக்களையும் 600 ஜோடி பூட்ஸ்களையும் செய்துதரும் ஒப்பந்தம் தாமஸ் பெண்டில்டன் தலைமையிலான நார்த்தாம்ப்டன் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. ஒரு தனி மனிதரின் பட்டறையால் நிறைவேற்ற முடியாத ஆர்டர் அது. பலர் சேர்ந்து ஒரே அளவில், ஒரே தரத்தில் செய்து குவிக்கும் பழக்கம் அப்போதே இந்த ஊருக்கு வந்துவிட்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பின்னால் சொல்லப்போவதற்கெல்லாம் அதுவே அடிப்படை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வேலை வீடுகளுக்குள் நடந்தது. ஆண்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு கொட்டகையில் அடிப்பாகத்தைத் தைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் மேல்பாகத்தின் துண்டுகளை இணைத்தார்கள். தையல் எந்திரம் வந்தபோது 1857 முதல் 1859 வரை தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அதன் பிறகு வரிசை வீடுகளுக்கு நடுவே, தெருமுனைகளில், செங்கல் தொழிற்சாலைகள் எழும்பின. ஊருக்கு வெளியே பெரிய வளாகமாக அமையாமல், வீடுகளோடு வீடாக நின்ற தொழிற்சாலைகள் அவை. இன்றும் நார்த்தாம்ப்டன் தெருக்களில் நடந்தால் உயரமான சன்னல்களைக் கொண்ட அந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம். பெரும்பாலானவை இப்போது அடுக்கக வீடுகள்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டன் செய்த ஏறத்தாழ 7 கோடி ஜோடி ராணுவக் காலணிகளில் ஏறத்தாழ 5 கோடி இந்த ஒரே மாவட்டத்திலிருந்து போனவை. இந்தக் கணக்கில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்ற பெயரில் அதற்கு முன்பே லண்டன் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்தது. 1916 முதல் பிரிட்டிஷ் அரசு அதை ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்காகத் தானே கொள்முதல் செய்தது. பிரான்சின் சேற்றில் நடந்த கால்களுக்கும் வடஆற்காட்டு ஆவாரஞ்செடிக்கும் இருந்த இந்தத் தொடர்பை இங்கே யாரிடம் சொன்னாலும் வியப்போடு கேட்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: இங்கிலாந்தின் காலணித் தொழில் பிரபுக்களுக்காகப் பிறந்ததல்ல. சிப்பாய், தபால்காரர், குமாஸ்தா, பண்ணையாள் ஆகியோரின் கால்களுக்காகக் கோடிக்கணக்கில் செய்து செய்துதான் இந்த ஊர் தன் கைத்திறனைச் சேர்த்துக்கொண்டது. லண்டனில் ஒரு கனவானின் காலுக்கு அளவெடுத்து ஷூ செய்தவர்கள் வேறு, நார்த்தாம்ப்டன் வேறு.

மேல்தட்டுக்கு ஏறிய கதை

சரிவைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் மலிவான வெளிநாட்டு இறக்குமதியில் தொடங்குகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். 1953-ஆம் ஆண்டு சார்லஸ் குளோர் என்ற முதலீட்டாளர், நார்த்தாம்ப்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜே. சியர்ஸ் என்ற காலணி நிறுவனத்தை அதன் நிர்வாகிகளின் விருப்பத்துக்கு மாறாகக் கைப்பற்றினார். அந்த நிறுவனத்துக்கு நாடு முழுவதும் கடைத்தெருக்களில் சொந்தக் கடைகள் இருந்தன. கணக்குப் புத்தகத்தில் அவற்றின் மதிப்பு பழைய விலையிலேயே கிடந்தது. குளோரின் கண்ணில் பட்டது ஷூ அல்ல, அந்தக் கட்டடங்கள். அவற்றை விற்று, விற்ற கட்டடங்களையே வாடகைக்கு எடுத்து, கிடைத்த பணத்தில் மேலும் பல காலணிக் கடைத்தொடர்களை வாங்கிச் சேர்த்தார். அப்படி உருவான பிரிட்டிஷ் ஷூ கார்ப்பரேஷன் ஒரு காலத்தில் இந்நாட்டின் காலணிச் சில்லறை விற்பனையில் மிகப் பெரிய பங்கைத் தன் கையில் வைத்திருந்தது.

இதன் விளைவு மெதுவாகவே தெரிந்தது. ஷூ செய்பவர் கையில் இருந்த கடை, ஷூ விற்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர் கைக்குப் போனது. அவர்களுக்கு எங்கே மலிவோ அங்கே வாங்கத் தடை இல்லை. ஷூ செய்தவர்களுக்கோ விற்க இடமில்லாமல் போயிற்று. தொண்ணூறுகளில் அந்தப் பெருநிறுவனமே கலைந்துபோனபோது, அதற்குச் சரக்கு கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலைகளில் பலவும் அதற்கு முன்பே மூடியிருந்தன.

எஞ்சியவர்கள் பிழைத்த வழி, விலையிலும் தரத்திலும் மேலே ஏறியதுதான். 1879-இல் மைத்துனர்கள் இருவர் தொடங்கிய குரோக்கெட் அண்ட் ஜோன்ஸ், எழுபதுகளின் இறுதியிலிருந்து உயர்ந்த தரத்து ஆண்கள் ஷூவிலும் ஏற்றுமதியிலும் கவனத்தைக் குவித்தது. அது இன்றும் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. எட்வர்டு கிரீன் நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தபோது, எண்பதுகளின் தொடக்கத்தில், ஜான் ஹ்லுஸ்டிக் என்பவர் அதை அதன் கடன்களோடு சேர்த்து ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். இன்று உலகின் மிக நேர்த்தியான ஷூக்களில் ஒன்றாக அதைச் சொல்லாதவர் இல்லை. ஜான் லாப் என்ற லண்டன் காலணி நிறுவனத்தின் ஒரு கிளை 1976-இல், கைப்பைக்குப் பேர்போன பிரான்சின் எர்மேஸ் குழுமத்துக்குப் போய், பின்னர் நார்த்தாம்ப்டனிலேயே தொழிற்சாலை அமைத்தது. 1873-இல் தொடங்கிய சர்ச்சஸ் 1999-இல் இத்தாலியின் பிராடா குழுமத்திடம் சென்றது. அந்த சர்ச் குடும்பத்தின் வாரிசுகள் இருவர் 2009-இல், டெஸ்பரோ ஊரில் இருக்கும் சீனி (Cheaney) என்ற காலணி நிறுவனத்தைப் பிராடாவிடமிருந்து திரும்ப வாங்கி நடத்துகிறார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம்.

இவை எல்லாம் வெற்றிகள்தான். அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கடைச் சன்னலில் தொங்கும் விலைச்சீட்டைப் பார்க்கும்போது வேறொரு கணக்கும் மனத்தில் ஓடுகிறது. 2025 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு இந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. நாற்பது மணி நேர வாரத்துக்கு அது 488 பவுண்டு 40 பென்ஸ், வரி பிடிப்பதற்கு முன். நல்ல நார்த்தாம்ப்டன் ஷூ ஒரு ஜோடி இன்று 500 பவுண்டுக்கு மேல். முன்னணிப் பெயர்கள் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். சிப்பாய்க்கும் குமாஸ்தாவுக்கும் செய்து வளர்ந்த தொழில், இன்று ஒரு வாரக் கூலியைக் கொடுத்தாலும் எட்டாத பொருளைச் செய்கிறது. வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். தொழில் பிழைத்தது, ஆனால் யாருக்காகப் பிறந்ததோ அவர்களைக் கரையில் விட்டுவிட்டுப் பிழைத்தது.

விலை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்யும் முறையை அருகில் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தோலை வெட்டுபவர் முதலில் அதை விரல்களால் படிக்கிறார்: எந்தத் திசையில் இழுபடும், எங்கே நரம்புக் கோடு ஓடுகிறது, எங்கே முள்வேலி கீறிய தழும்பு இருக்கிறது, முதுகுப் பகுதியில் எது முன்பாகத்துக்கு ஆகும், வயிற்றுப் பகுதியில் எது நாக்குக்கு மட்டும் ஆகும் என்பதையெல்லாம் கண்டு, இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒத்த துண்டுகளாக வெட்டுகிறார். பிறகு துண்டுகள் மேல்பாகமாகத் தைக்கப்படுகின்றன. அந்த மேல்பாகம் லாஸ்ட் எனப்படும் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்துப் பூட்டப்படுகிறது. உள் அடித்தோலையும் மேல்பாகத்தையும் வெல்ட் என்ற தோல்பட்டையோடு சேர்த்துத் தைத்து, நடுவில் உண்டாகும் பள்ளத்தைத் தக்கையால் நிரப்பி, அதன் மேல் வெளி அடித்தோலை வெல்ட்டோடு சேர்த்து மற்றொரு தையல் போடுகிறார்கள். இரண்டு தையல்களும் தனித்தனி என்பதால்தான் அடித்தோல் தேய்ந்தபின் அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் போட முடிகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட வேலைகள், ஏறத்தாழ எட்டு வாரங்கள். பழைய ஷூவைத் தொழிற்சாலைக்கே அனுப்பினால் அது பிறந்த அதே வடிவக் கட்டையில் மீண்டும் ஏற்றி அடித்தோல் மாற்றித் தருகிறார்கள். வாங்கிய பொருளோடு இத்தனை ஆண்டுகள் உறவு வைத்திருக்கும் தொழில் உலகில் இன்று எத்தனை இருக்கின்றன?

தையல் கூடத்தில்

இந்த மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குத் தோல் மாதிரிகள் தொடர்பான வேலையாகச் சென்றிருந்தபோது, காத்திருக்க வேண்டிய நேரத்தில் மேல்பாகம் தைக்கும் கூடத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதித்தார்கள். அங்கே கண்டதுதான் என் எண்ணத்தின் போக்கையே மாற்றியது. வரிசையாகத் தையல் எந்திரங்கள். எண்ணெய் போட்டு, நூல் கோத்து, வேலைக்கு ஆயத்தமாக இருந்தவை. ஆனால் அவற்றில் கணிசமானவற்றின் முன் ஆள் இல்லை. ஆர்டர் குறைந்துவிட்டதோ என்று நினைத்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த மூத்த அம்மையார் ஒருவரிடம் கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலேயே, ஆர்டர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கிறது, தைக்கத்தான் ஆள் இல்லை என்றார்.

அவர் ஒரு முன்பாகத்தில் துளை அலங்காரத்துக்கு ஓரமாக இரட்டைத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வரிகளுக்கும் இடையே மயிரிழை வேறுபாடு வந்தாலும் அந்தத் துண்டு வீண். தோலில் விழுந்த ஊசித்துளையைத் துணியில் போல மறைக்க முடியாது. வளைவுகளில் கால் அழுத்தத்தைத் தளர்த்தி, விரல் நுனியால் தோலைத் திருப்பி, அவர் தைத்த வேகம் என்னை மலைக்க வைத்தது. தம் தாயும் பாட்டியும் இதே வேலையைச் செய்தவர்கள் என்றார். பாட்டி வீட்டிலேயே தைத்தவர். தாய் தெருமுனைத் தொழிற்சாலையில் தைத்தவர். அப்படியானால் உங்கள் மகள், என்று கேட்டேன்.

எந்திரம் அப்போதுதான் நின்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தபோது, இந்தக் கதவுக்குள் கால் வைக்காதே என்று தாமே மகளுக்குச் சொன்னதாக அவர் கூறினார். அந்தத் தெருவில் இருந்த எல்லாத் தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அதையே சொன்னார்களாம். மகள் படித்து மருத்துவமனை அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். "இப்போது நிர்வாகத்தார் என்னிடம் வந்து, இளம்பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று கேட்கிறார்கள். நாங்கள் சொன்ன பேச்சைப் பிள்ளைகள் கேட்டார்கள், அதனால்தான் என்று பதில் சொன்னேன்." இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் தைக்கத் தொடங்கினார்.

அந்தத் தாய்மார்கள் செய்தது சரியே. அன்றைய நிலையில் வேறு எந்தத் தாயும் வேறு எதையும் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் அதன் பயனாக ஒரு தலைமுறை முழுவதும் இந்தத் தொழிலுக்குள் வராமலே போயிற்று. மேல்பாகம் தைப்பதில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும். கற்றுத் தருவதற்கு அருகில் தேர்ந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருப்பவர்கள் இப்போது ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாமல் ஒரு தொழில் அழிவதை நாம் எளிதாகப் புரிந்துகொள்கிறோம். வாடிக்கையாளர் வரிசையில் காத்திருக்கும்போதே, செய்துதர ஆள் இல்லாமல் ஒரு தொழில் மூச்சுத் திணறுவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். நண்பர் சொன்ன விதியில் இதற்கு இடமே இல்லை. பொருள் நல்லது; வாங்க ஆளும் உண்டு; விலை கொடுக்கவும் தயார். அப்படியும் எந்திரத்தின் முன் நாற்காலி காலி.

பெயர் தங்கி, வேலை போன இடம்

வேறொரு வழியில் பிழைத்தவர்களும் உண்டு. வொல்லாஸ்டன் என்ற கிராமத்தில் கிரிக்ஸ் குடும்பம் ஒரு ஜெர்மானிய மருத்துவரின் காற்று நிறைந்த அடிப்பாகத்துக்கு உரிமம் பெற்று, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் பூட்ஸைச் செய்து வெளியிட்டது. அந்த நாளையே எண்ணாக்கி 1460 என்று பெயர் வைத்தார்கள். டாக்டர் மார்ட்டன்ஸ் என்ற அந்தப் பெயரை அறியாத இளைஞர் இன்று இல்லை. தபால்காரரும் ஆலைத் தொழிலாளியும் அணிந்த பூட்ஸ் அது; நான் மேலே சொன்ன சாதாரணக் கால்களின் கடைசிப் பெரிய காலணி. 2003-இல் அதன் உற்பத்தி ஏறத்தாழ முழுவதுமாக ஆசியாவுக்குப் போயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். வொல்லாஸ்டனில் ஒரு சிறு பிரிவு மட்டும் பின்னர் மீண்டும் உயிர்பெற்று நடக்கிறது. 2021 ஜனவரியில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு 370 கோடி பவுண்டு. நல்ல பொருள் பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். பெயர் பிழைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெயரை உண்டாக்கிய கிராமத்துக்கு அந்தப் பிழைப்பில் கிடைத்த பங்கு மிகச் சிறியது.

எங்கள் பக்கத்து மக்கள் இந்த இடத்தில் என்னைக் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் மூடியதால்தானே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது, அதற்காக நீ ஏன் வருந்துகிறாய் என்பார்கள். என் உறவுக்காரப் பெண்களே ஐரோப்பியக் கடைகளுக்கு அப்பர் என்னும் மேல்பாகம் தைக்கும் கம்பெனிகளில் வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் கைத்திறனை நார்த்தாம்ப்டனுக்குக் கீழே வைக்க நான் தயாராக இல்லை. என் வருத்தம் வேறு வகைப்பட்டது. ஆம்பூருக்குப் போன வேலை, ஆம்பூருக்கென்று ஒரு பெயரைக் கொண்டுவரவில்லை. தைத்தவளின் ஊர் பெட்டியின் மேல் அச்சிடப்படுவதில்லை. நாளை வேறொரு நாட்டில் கூலி குறைவாக இருந்தால், நார்த்தாம்ப்டன் தாய்மார்கள் தம் மகள்களுக்குச் சொன்னதை ஆம்பூர்த் தாய்மார்களும் சொல்ல வேண்டி வரும். கெட்டரிங் ஊரின் லோக் நிறுவனம் தன் உயர்ந்த வரிசையை அங்கேயும் வேறு சில வரிசைகளை இந்தியாவிலும் செய்வதை வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். எல்லாரும் அதைப் பின்பற்றி, வெட்டியது எங்கே, தைத்தது எங்கே, அடி போட்டது எங்கே என்று எழுதிவிட்டால் இரண்டு ஊர்களுக்கும் நன்மை.

சேர்ந்து தாங்க வேண்டியவை

தைக்கும் கைகளைப் போலவே வேறு சிலவும் குறைந்துகொண்டு வருகின்றன. தோலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் அதைச் சொல்கிறேன். ஷூவுக்கு ஏற்ற மிகச் சிறந்த கன்றுத்தோலைத் தந்துகொண்டிருந்த ஜெர்மனியின் ஃபிராய்டன்பெர்க் தோல் ஆலை 2002-இல் நின்றது. பிரான்சின் அனோனே ஆலையை 2013-இலும் புய் ஆலையை 2015-இலும் எர்மேஸ் வாங்கிக்கொண்டது. ஐரோப்பாவில் கன்றிறைச்சி உண்பது குறையக் குறைய நல்ல கன்றுத்தோலும் குறைகிறது. இருப்பதில் தழும்பில்லாதது கைப்பைக்குப் போகிறது. கைப்பையில் கிடைக்கும் லாபம் ஷூவில் கிடைக்காது. பிரிட்டனில் ஓக் பட்டையில் அடித்தோல் பதனிடும் ஆலை, டெவன் மாவட்டத்து காலிட்டன் ஊரில் பேக்கர் குடும்பம் நடத்தும் ஒன்றே ஒன்றுதான். ஒரு தோல் அங்கே குழியிலிருந்து வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆகும். அது நின்றால் அந்த வகைத் தோல் இந்நாட்டில் இல்லை. வடிவக் கட்டை செய்பவர், கத்தி அடித்துத் தருபவர், அரை நூற்றாண்டுப் பழமையான எந்திரத்தின் ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்லும் மெக்கானிக் என்று ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. எந்த ஒரு நிறுவனமும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவர்களைத் தனக்காக மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. பல நிறுவனங்கள் இருந்தால்தான் அவர்களுக்கும் பிழைப்பு. ரஷ்டனில் ஒன்று மூடும்போது நார்த்தாம்ப்டனில் மற்றொன்று பலவீனப்படுவது இப்படித்தான். ஷூவை ஒரு கம்பெனி செய்வதில்லை; ஒரு வட்டாரம் செய்கிறது.

இவற்றின் மேல் அண்மைக் காலத்து அடிகளும் விழுந்திருக்கின்றன. அலுவலகத்துக்குத் தோல் ஷூ அணிந்து செல்லும் வழக்கம் தளர்ந்தது; 2020-இல் அலுவலகமே வீட்டுக்குள் வந்தது; 2021 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் கடையில் கொடுத்த வரியைத் திரும்பப் பெறும் வசதி பிரிட்டனில் நிறுத்தப்பட்டது; ஐரோப்பாவுக்கு ஒரு பெட்டி அனுப்பவும் சுங்கக் காகிதங்கள் வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றும் தாங்கக்கூடியதே. சேர்ந்து வந்ததுதான் கொடுமை.

இந்த ஊர்களின் பழைய வரலாற்றில் எனக்கு வழிகாட்டுவதாகத் தோன்றும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ராண்ட்ஸ் என்ற சிற்றூரில் ராணுவ பூட்ஸ் செய்த தொழிலாளர்களின் கூலியை, அரசு ஒப்பந்தத்துக்காக ஒருவரை ஒருவர் விலையில் வெட்டிக்கொண்ட முதலாளிகள் தொடர்ந்து குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1905 மே மாதத்தில் ஜேம்ஸ் கிரிபிள் என்பவர் தலைமையில் 115 தொழிலாளர்கள் அங்கிருந்து லண்டன் போர் அமைச்சகத்துக்கு நடந்தே சென்றார்கள். கிரிபிள் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து குரல் எழுப்பி வெளியேற்றப்பட்டார். இறுதியில் அவர்கள் பெற்றது, எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பொதுவான ஒரே கூலிப்பட்டியல். ஒப்பந்தத்துக்குப் போட்டி போடலாம், தொழிலாளியின் கூலியைக் குறைத்துப் போட்டி போடக் கூடாது என்பதே அதன் பொருள். முதலாளிகளுக்கும் அது நன்மையாகவே முடிந்தது என்று கருதுகிறேன். ஏனெனில் யாரோ ஒருவர் கூலியைக் குறைத்தால் மற்றவர்களும் குறைத்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அன்றோடு போயிற்று.

இன்று பொதுவாக்க வேண்டியது பயிற்சி. ஒரு நிறுவனம் தன் செலவில் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் மேல்பாகம் தைக்கக் கற்றுக்கொடுத்தால், அடுத்த தெருவில் இருப்பவர் மணிக்கு ஒரு பவுண்டு கூட்டிக் கொடுத்து அழைத்துக்கொள்வார் என்ற அச்சம் எல்லாருக்கும் இருக்கிறது. அந்த அச்சத்தால் எல்லாரும் தேவைக்குக் குறைவாகவே பயிற்றுவிக்கிறார்கள். நார்த்தாம்ப்டன், கெட்டரிங், ரஷ்டன், ஏர்ல்ஸ் பார்ட்டன், டெஸ்பரோ, வொல்லாஸ்டன் ஆகிய ஊர்களின் தொழிற்சாலைகள், விற்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பவுண்டு ஒதுக்கி ஒரு பொதுத் தையல் கூடம் அமைக்கலாம். ஓய்வுபெற்ற அம்மையார்களை வாரத்துக்கு இரண்டு நாள் வரவழைத்து, நல்ல சம்பளம் கொடுத்து, அவர்கள் அருகில் இளைஞர்களை உட்கார வைக்கலாம். கற்று முடித்தவர்கள் இந்த ஊர்களில் எந்தத் தொழிற்சாலைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று விதி வைக்கலாம். ஐந்நூறு பவுண்டு கொடுத்து வாங்குபவர் ஐந்நூற்று ஒன்று கொடுக்கத் தயங்கமாட்டார். அதற்கு மேல் அரசு என்ன தரும் என்று பார்த்துக்கொள்ளலாம். நான் சந்தித்த அம்மையாரிடமே விடைபெறும்போது இந்த யோசனையைச் சொன்னேன். யாராவது கேட்டால் வருவேன், ஆனால் அடுத்த ஆண்டுக்குள் கேட்க வேண்டும், கண்பார்வை இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது என்றார்.